அவர் என்ன சொன்னார்?

2007ஆம் ஆண்டின் களப்பணிக் குறிப்பேடு ஒன்று இன்னமும் என்னிடம் இருக்கிறது. பக்கத்துக்கு மூன்று பத்திகளாகக் கோடு போட்ட நீள நோட்டு அது. முதல் பத்தியில் உரையாடல், இரண்டாவதில் அந்த நேரத்தில் எனக்குள் ஓடிய எண்ணம். மூன்றாவது மேற்பார்வையாளர் எழுதுவதற்காகக் காலியாக விடப்பட்டது. அதன் பதினொன்றாம் பக்கத்தில், வாழ்க்கையில் சலிப்புற்றிருப்பதாக அவர் தெரிவித்தார் என்று பொருள்படும் ஆங்கில வாக்கியம் ஒன்று என் கையெழுத்தில் இருக்கிறது. அதற்கு நேரே சிவப்பு மையில், தமிழில், மூன்றே சொற்கள்: "அவர் என்ன சொன்னார்?"

சமூகப்பணியில் முதுகலை படிக்கிறவர்கள் வாரத்தில் இரண்டு நாள் வகுப்பை விட்டுக் களத்துக்குப் போக வேண்டும். முதலாண்டில் நான் போனது மதுரைப் பக்கத்து அரசு மருத்துவமனை ஒன்றின் குடிமீட்பு வார்டுக்கு. தமிழ்நாட்டின் சில்லறை மதுவிற்பனை 2003 நவம்பரில் டாஸ்மாக் நிறுவனத்தின் கைக்கு முழுமையாக வந்து நான்காண்டுகள் ஆகியிருந்த காலம். அந்த வார்டில் படுக்கை காலியாகக் கிடந்து நான் பார்த்ததில்லை. ஒருவரோடு பேசி முடித்த அன்றிரவே, பேசியதை நினைவிலிருந்து வரிக்கு வரி எழுதிவிட வேண்டும் என்பது விதி. ஒலிப்பதிவு செய்யக் கூடாது. எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போது குறிப்பெடுக்கவும் கூடாது. மாணவர்கள் வாயில் இதற்குப் 'பிராசஸ் ரெக்கார்டிங்' என்று பெயர். நான் இங்கே உரையாடல் பதிவு என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். விடுதியில் எல்லோரும் உறங்கிய பிறகு, 'அவர் சொன்னார், நான் சொன்னேன்' என்று பத்துப் பன்னிரண்டு பக்கம் எழுதுவது ஒரு தண்டனை என்றுதான் அப்போது நினைத்திருந்தோம்.

தொடர்புத் திறன் என்ற பாடத்தில் எனக்கு நல்ல மதிப்பெண். இயேசு சபைப் பாதிரியாரான ஃபீலிக்ஸ் பீஸ்டெக் 1957இல் வகுத்த ஏழு கொள்கைகளையும் தலைகீழாகக் கேட்டாலும் ஒப்பித்திருப்பேன்: ஒவ்வொருவரையும் தனியராகக் காண்பது, உணர்ச்சியை வெளியிட இடமளிப்பது, நம் உணர்ச்சியை அளவோடு வைத்திருப்பது, உள்ளபடி ஏற்பது, தீர்ப்பிடாதிருப்பது, முடிவை அவர் கையிலேயே விடுவது, இரகசியம் காப்பது. ஆலோசனைப் பணிக்குப் பாடநூல் எழுதிய ஜெரார்டு ஈகன் சொன்னபடி நேருக்கு நேர் உட்காரவும், கைகளைக் கட்டாதிருக்கவும், சற்று முன்னே சாயவும், கண்ணைப் பார்க்கவும், இறுக்கமின்றி இருக்கவும் வகுப்பில் ஒத்திகை பார்த்திருந்தோம். ஒத்திகையில் குடிகாரரின் மனைவியாக நடித்த தோழி, என் முதல் கேள்விக்கே அழுது, மூன்றாவது கேள்விக்குள் தெளிந்து, ஐந்தாவதில் நன்றி சொல்லிவிட்டு எழுந்து போனாள். அப்படித்தான் நடக்கும் என்று நம்பித்தான் நானும் வார்டுக்குப் போனேன்.

அங்கே எனக்குக் கிடைத்த முதல் ஆள், நோயாளி ஒருவரின் மனைவி. வயது நாற்பதுக்குள் இருக்கும். பூக்கட்டும் வேலை. கணவரை வார்டில் சேர்த்த நாள்முதல் தாழ்வாரத்து பெஞ்சில் மல்லிகை மொட்டும் நாருமாக உட்கார்ந்திருந்தார். மாலைக்குள் இத்தனை முழம் கட்டிக்கொடுத்தால்தான் கூலி. நான் பாடத்தில் படித்தபடி ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு நேர் எதிரே போட்டு, சாய்ந்து, கண்ணைப் பார்த்தேன். அவர் கட்டுவதை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். விசாரணைக்கு வந்தவள் என்று நினைத்துவிட்டார். உட்காரச் சொல்லியும், கேட்டதற்கெல்லாம் "ஆமாங்க", "இல்லீங்க", "சரிங்க" என்ற மூன்று சொற்களுக்கு மேல் ஒன்றும் வரவில்லை. அடுத்த முறை நாற்காலிக்கு வழியில்லாமல் அதே பெஞ்சில் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. அவர் பூவைப் பார்த்துக்கொண்டு பேசினார். நானும் பூவையே பார்த்துக்கொண்டு கேட்டேன். கைக்கு வேலை இருந்தபோது அவர் வாய் திறந்தது. நம் வீடுகளில் முக்கியமான பேச்செல்லாம் கீரை ஆயும்போதும் பாத்திரம் கழுவும்போதும்தானே நடக்கிறது. இருவர் எதிரெதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துப் பேசினால் அது பெண்பார்க்கும் வைபவமாக இருக்கும், இல்லையென்றால் பஞ்சாயத்தாக இருக்கும்.

பதினொன்றாம் பக்கத்துக்கு வருகிறேன். பேசியதெல்லாம் தமிழில், ஆனால் பதிவை ஆங்கிலத்தில்தான் எழுதினோம், ஏனென்றால் பாடமும் தேர்வும் ஆங்கிலத்தில் இருந்தன. எனவே ஒவ்வொரு இரவும் அந்த அக்காவின் பேச்சை என் மனத்துக்குள் மொழிபெயர்த்து, ஆங்கிலத்தில் இழைத்து வழவழப்பாக்கி எழுதிக்கொண்டிருந்தேன். அவர் வாயிலிருந்து ஒருபோதும் வந்திராத, படித்த வர்க்கத்துச் சொற்களை என் நோட்டில் அவர் பேசினார். மேற்பார்வையாளர் அம்மையார் அந்த மருத்துவமனையிலேயே பல ஆண்டுகள் சமூகப்பணியாளராக இருந்தவர். சிவப்பு மைக் கேள்விக்கு விடை கேட்டு என்னை உட்கார வைத்தார். நான் மறுபடியும் அதே ஆங்கிலச் சொல்லைச் சொன்னேன். "அந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியுமா? தமிழில் என்ன சொன்னார்?" என்று கேட்டார். யோசித்து யோசித்து நினைவுக்குக் கொண்டுவந்தேன். "பேசாம போய்ச் சேந்துரலாம்னு இருக்கு பாப்பா" என்பதுதான் அவர் சொன்னது.

அம்மையார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். 'போய்ச் சேர்வது' என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? கிழவர்கள் இறந்தால் 'போய்ச் சேந்துட்டாரு' என்று சொல்லும் ஊரில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். ஆனாலும் மொழிபெயர்த்த மாத்திரத்தில் அந்தச் சொல்லில் இருந்த சாவு உதிர்ந்து, வெறும் சலிப்பு மட்டும் நோட்டில் தங்கிவிட்டது. நான் சோம்பலில் அப்படி எழுதியதாக இன்றும் நினைக்கவில்லை. கேட்ட கணத்தில் எனக்கு ஏற்பட்ட பயத்தை அந்த ஆங்கிலச் சொல் மூடிக்கொடுத்தது என்றே நினைக்கிறேன். இரண்டாவது பத்தியில், அந்த வரிக்கு நேராக, என் எண்ணம் என்ற இடத்தில் ஒன்றுமே எழுதாமல் விட்டிருக்கிறேன் என்பதே அதற்குச் சாட்சி.

அப்போதே இருவரும் தாழ்வாரத்துக்குப் போனோம். கேட்க வேண்டியவள் நான்தான் என்று அம்மையார் சொல்லிவிட்டார். அந்த அக்கா சொன்னது என்னிடம். சுற்றி வளைத்துக் கேட்கக் கூடாது, 'தப்பான எண்ணம் ஏதும் வருதா' என்று பூசி மெழுகக் கூடாது, சாவு என்ற சொல்லை நீயே வாய்விட்டுச் சொல் என்று வழியிலேயே சொல்லிக்கொடுத்தார். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடாதா என்று கேட்டேன். அப்படி ஆகாது என்பதும், கேட்பதே பலருக்கு ஆறுதல் என்பதும் தற்கொலைத் தடுப்புப் பணியில் இருப்பவர்கள் எல்லோரும் முதலில் சொல்லித்தரும் பாடம். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, அன்னைக்குப் போய்ச் சேந்துரலாம்னு சொன்னீங்களே, செத்துப் போகணும்னு நினைக்கிறீங்களா?" என்று கேட்டேன். அவர் மறுக்கவும் இல்லை, அழவும் இல்லை. அந்தக் கண்ணியை முடித்துவிட்டு, "போலீஸ் கேசு ஆயிருமா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அது நியாயமான கேள்வி. அன்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவின்படி தற்கொலைக்கு முயல்வது ஓராண்டு வரை சிறை வைக்கத்தக்க குற்றம். அவர் தெருவில் ஒரு பெண் பிழைத்துக்கொண்ட பிறகு, வீட்டு வாசலுக்குப் போலீஸ் வந்ததை அவர் பார்த்திருந்தார். மக்கள் ஏன் 'போய்ச் சேர்வது', 'ஒரேயடியா தூங்கிரலாம்', 'இல்லாம போயிரலாம்' என்றெல்லாம் சுற்றுவழியில் பேசுகிறார்கள் என்பதற்கு நாணமும் மங்கல வழக்கும் மட்டும் காரணமில்லை, சட்டமும் ஒரு காரணம் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்தப் பிரிவின் பல்லைப் பிடுங்கியது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது அப்படியே இடம்பெறவும் இல்லை. ஆனால் சட்டம் மாறிய வேகத்தில் தாழ்வாரத்துப் பேச்சு மாறிவிடவில்லை. கேசு எதுவும் ஆகாது என்று அம்மையார் உறுதி சொன்ன பிறகுதான், "ரெண்டு மூணு வாட்டி தோணியிருக்கு. சின்னவள நினைச்சுத்தான் இருக்கேன்" என்றார். அன்றே மனநல மருத்துவர் அவரைப் பார்த்தார்; அவருடைய தங்கையை வரவழைத்துக் கூட இருக்கச் செய்தோம். இன்றென்றால் 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணையும் எழுதிக்கொடுத்திருப்பேன். அது 2022இல்தான் வந்தது. அன்று எழுதிக்கொடுத்தது, 1986 முதல் சென்னையில் இயங்கிவரும் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண்ணை.

அந்த வாரம் முதல் பதிவைத் தமிழில், அவர் பேசிய பேச்சுத் தமிழிலேயே எழுத வேண்டும் என்று எனக்கு உத்தரவு. துறைக்குத் தரவேண்டிய ஆங்கிலப் பிரதியைத் தனியாக எழுதிக்கொள்ளலாம். இரட்டை வேலை. ஆனால் தமிழில் எழுதத் தொடங்கியதும் முதலில் அம்பலமானது அவர் பேச்சு அல்ல, என்னுடையது. ஒரு பக்கத்தில் இருபத்தெட்டு வரி என்றால் பத்தொன்பது வரி நான் பேசியவை. அவர் ஒரு வரி சொல்ல, நான் மூன்று வரி அறிவுரை சொல்லியிருந்தேன். ஆங்கிலத்தில் 'நம்பிக்கை ஊட்டப்பட்டது' என்று ஒரே வரியில் கம்பீரமாக அடங்கியிருந்த ஒன்று, தமிழில் எழுதிப் பார்த்தபோது, "கவலைப்படாதீங்கக்கா, எல்லாம் சரியாயிரும்" என்ற வெறும் வாய்ச்சொல்லாக இருந்தது. எது எப்படிச் சரியாகும் என்று எனக்கே தெரியாது.

அடுத்து என் கண்ணில் பட்டது 'ஏன்'. திறந்த கேள்வி கேட்க வேண்டும் என்று பாடம் சொல்கிறது. திறந்த கேள்விகளின் பட்டியலில் 'ஏன்' என்பதும் உண்டு. ஆனால் தமிழில் நாம் 'ஏன்' என்ற சொல்லை முதன்முதலில் எங்கே கேட்டோம்? "ஏன் லேட்டு?", "ஏன்டி இப்படிப் பண்ணுன?" என்றுதானே? அது பதில் வேண்டிக் கேட்கும் கேள்வியாக நம் காதில் விழுவதே இல்லை. "ஏன் அப்பவே வீட்ல சொல்லல?" என்று நான் கேட்ட இடங்களிலெல்லாம், அடுத்த வரியில் அந்த அக்கா தன்னைத் தற்காத்துக்கொண்டிருக்கிறார், அல்லது கணவருக்காக வாதாடியிருக்கிறார். அதையே "அப்ப என்ன நடந்துச்சு?", "வீட்ல சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்று கேட்ட இடங்களில் கதை வந்திருக்கிறது. நோட்டில் 'ஏன்' வந்த இடத்தையெல்லாம் வட்டமிட்டு எண்ணிப் பார்த்தேன். ஓர் உரையாடலில் பதினான்கு. குறைக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

கேட்டதை நம் சொல்லில் திருப்பிச் சொல்லிக் காட்டு என்பது இன்னொரு பாடம். அதைப் படித்தபடி, "அப்ப நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னா..." என்று ஆரம்பித்தால் வக்கீல் குறுக்குவிசாரணை செய்வதுபோல இருக்கும். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது பக்கத்து பெஞ்சில் இருந்த ஒரு பாட்டி. அந்த அக்கா "ராத்திரி பூரா வாசல்லயே உக்காந்திருந்தேன்" என்றபோது, பாட்டி "வாசல்லயேவா?" என்றார். அவ்வளவுதான். அவர் பேச்சிலிருந்து ஒரு சொல்லை எடுத்து, அதன் வாலில் ஓர் ஆகாரத்தை ஒட்டித் திருப்பிக் கொடுத்தார்; அதற்கு மேல் ஐந்து நிமிடம் அக்கா பேசினார். கதை சொல்லுகிறவருக்கு 'உம்' கொட்ட ஓர் ஆள் வேண்டும் என்று நாம் எப்போதும் அறிந்திருக்கிறோம், 'உம்' நின்றால் பாட்டி கதையை நிறுத்திவிட்டு, "தூங்கிட்டியா?" என்று கேட்பாள். வாயில் நுழையாத ஒரு தொழில்நுட்பப் பெயரோடு வகுப்பில் எனக்கு அறிமுகமானது இந்த 'உம்' தான் என்று தெரிய எனக்கு ஒரு வருடம் ஆனது.

மௌனத்தை எப்படிப் பதிவில் எழுதுவது என்று தெரியாமல் சில இடங்களில் வெறும் கோடு போட்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று அம்மையார் கேட்டார். கடிகாரம் பார்க்கவில்லை, ஆனால் அரை முழம் கட்டி முடித்தார் என்றேன். அப்படியே எழுதச் சொன்னார். ஆகவே என் நோட்டில் "அரை முழம் பேசவில்லை", "ஒரு முழம், இருவரும் பேசவில்லை" என்ற குறிப்புகள் இருக்கின்றன. ஒரு முழம் பேசாமல் இருந்த பிறகு வந்த பேச்சுதான் எப்போதும் கனமாக இருந்தது என்பதையும், அந்த மௌனத்தை நான் பொறுக்கமாட்டாமல் உடைத்த இடங்களில் பேச்சு சாப்பாட்டுக்கும் பஸ் நேரத்துக்கும் ஓடிவிட்டது என்பதையும், பக்கங்களை அடுக்கி வைத்துப் பார்த்தால் யாரும் கண்டுகொள்ளலாம்.

கணவரோடு நான் செய்த பிழை வேறு வகை. குடியை நிறுத்திய இரண்டு முதல் நான்கு நாள்களுக்குள் சிலருக்குக் கை நடுக்கம் முற்றி, இடம் காலம் மறந்து, இல்லாதது கண்ணில் தெரியும் அளவுக்குப் புத்தி தடுமாறும். அது மருத்துவர் பார்க்க வேண்டிய கட்டம், சமூகப்பணியாளர் பேச வேண்டிய கட்டம் அல்ல. அது தெரியாமல் மூன்றாம் நாளில் அவரோடு நாற்பது நிமிடம் பேசினேன். தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். மிகச் சிறப்பான அமர்வு என்று எழுதிவைத்தேன். அடுத்த வாரம் போனபோது, "நீங்க யாரு?" என்றார்.

தெளிந்த பிறகு அவரிடம் நான்கு கேள்விகள் கேட்டேன். குடிநோயைக் கண்டறிய ஜான் யூயிங் என்ற அமெரிக்க மருத்துவர் 1984இல் வெளியிட்ட, உலகெங்கும் புழங்குகிற கேள்விகள் அவை: குறைக்க வேண்டும் என்று தோன்றியதா, பிறர் குறைசொன்னது எரிச்சலூட்டியதா, குற்ற உணர்வு ஏற்பட்டதா, காலையில் எழுந்ததும் குடித்ததுண்டா. எங்களிடம் இருந்த தமிழ்த்தாளில் மூன்றாவது கேள்வி 'குற்ற உணர்வு' என்றே இருந்தது. நான் அதை வாசித்ததும் அவர் எழுந்து உட்கார்ந்து, "நான் ஒரு குத்தமும் செய்யல மேடம், யார் என்ன சொன்னாங்க?" என்றார். "குடிச்ச மறுநாள் மனசு உறுத்துமா?" என்று கேட்டிருந்தால் போதும். எவ்வளவு குடிப்பார் என்பதிலும் அதே கதை. "ஒரு கட்டிங்தான்" என்றார். குவார்ட்டரில் பாதி, 90 மில்லி. ஒரு நாளைக்கு எத்தனை கட்டிங் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மனைவி சொன்ன கணக்குப்படி நான்கு. அதாவது இரண்டு குவார்ட்டர், 42.8 விழுக்காட்டுச் சரக்கில் சுமார் 120 கிராம் தூய ஆல்கஹால். அவர் பொய் சொல்லவில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்; நான் கேட்டதற்குச் சரியான பதிலைத்தான் சொன்னார்.

பிற்பாடு ஒரு தகவல் தெரியவந்தபோது எனக்குச் சிரிப்பும் நிம்மதியும் சேர்ந்தே வந்தன. குடிநோயாளிகளோடு வாதாடாமல், மாற வேண்டிய காரணத்தை அவர்கள் வாயாலேயே வரவழைக்கும் நேர்காணல் முறையை 1983இல் முதலில் எழுதியவர் வில்லியம் மில்லர். அவர் நார்வேயில் பெர்கன் நகருக்கு அருகே இளம் உளவியலாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது, அவர்கள் நடுநடுவே நிறுத்தி, இப்போது ஏன் இதைக் கேட்டீர்கள், ஏன் அதைத் தொடராமல் இதைத் தொடர்ந்தீர்கள் என்று துளைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு விடை சொல்லப் போய்த்தான், தான் என்ன செய்கிறோம் என்பதே அவருக்கு வார்த்தையில் பிடிபட்டிருக்கிறது. எனக்கு மூன்றாவது பத்தி செய்த வேலையை அவருக்கு அந்த மாணவர்கள் செய்திருக்கிறார்கள்.

'அக்கா' என்று கூப்பிட்டதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வார்டில் மற்றவர்கள் அவரை "இந்தாம்மா" என்றார்கள். நான் அக்கா என்றதும் அவர் என்னைப் பாப்பா என்றார். அந்த உறவுச்சொல் வாசலைத் திறந்தது. கூடவே, "கூடப்பொறந்தவ மாதிரி இருக்க, நீ வந்து எங்க மாமியார்கிட்ட சொல்லு" என்ற உரிமையையும் கொண்டுவந்தது. உறவுச்சொல்லை ஏற்றுக்கொண்டு உறவின் கடமையை மறுப்பது தமிழில் எளிதல்ல. அதேபோல, "உங்களுக்கு எந்த ஊரு, அப்பா என்ன பண்றாரு, குலசாமி எது?" என்று அவர் கேட்டுக்கொண்டே போகும்போது, கேள்வி எங்கே போய் நிற்கும் என்று இருவருக்கும் தெரியும். ஊரைச் சொல், அதோடு பேச்சைத் திருப்பு என்றார் அம்மையார். பதினெட்டு ஆண்டுகளாக அப்படித்தான் செய்கிறேன். அது சரியான பதில் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று அன்று நான் தாராளமாக வாக்குக் கொடுத்தேன். இன்று என்னிடம் களப்பணிக்கு வரும் மாணவர்களை அப்படிச் சொல்ல விடுவதில்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். எனவே முதல் நாளே, "உங்களுக்கோ பிள்ளைக்கோ ஆபத்துன்னா மட்டும் இன்னொருத்தர்கிட்ட சொல்ல வேண்டி வரும், அதையும் முடிஞ்ச வரைக்கும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்" என்று சொல்லிவிட வேண்டும். இப்படிச் சொன்னால் யார் மனம் திறப்பார்கள் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். திறக்கிறார்கள்.

இப்போது மூன்றாவது பத்தி என் கையில் இருக்கிறது. மை மட்டும் பச்சை. சிவப்பைப் பார்த்தால் எனக்கே இன்னமும் வயிறு கலங்குகிறது. சென்ற மாதம் ஒரு மாணவி கொண்டுவந்த பதிவு அழகான பேச்சுத் தமிழில் இருந்தது. வார்டில் மகனோடு இருந்த ஒரு மூதாட்டியோடு பேசியது. படிக்கப் படிக்க ஏதோ நெருடியது. வாக்கியங்கள் அளவெடுத்துத் தைத்தவை போல இருந்தன. மாணவி சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண், அந்த மூதாட்டியும் அப்படியே என்பதும், இருவரும் பேசியது முழுக்கச் சௌராஷ்டிரத்தில்தான் என்பதும் விசாரித்தபோது தெரிந்தது. எனக்குப் புரியாதே என்று மொழிபெயர்த்து எழுதியிருக்கிறாள். பச்சை மையில் "அவர் என்ன சொன்னார்?" என்று எழுதி நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த வாரம் தமிழ் எழுத்தில், சௌராஷ்டிரத்தில், ஒன்பது பக்கம் வந்தது. எனக்கு ஒரு வரியும் விளங்கவில்லை. நாற்காலியை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து வாய்விட்டு வாசித்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். அவள் வாசிக்க, நான் 'உம்' கொட்டிக்கொண்டிருந்தேன்.